பந்தலில் சிரிக்கக் கூடாது

சன்னல் ஓரம் எனக்கே இருக்கட்டும், உங்களுக்கு ஒன்றும் சங்கடமில்லையே? உள்பக்கம் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது. வயசு, வேறொன்றுமில்லை. நீங்கள் எதுவரைக்கும்? நெடுங்கரடா? அட, நானும் அங்கேதான். யார் வீட்டுக்கு? அங்கன்வாடிக்கா! புதிதாகப் போட்டிருக்கிற டீச்சர் நீங்கள்தானா? நல்லது. அந்தக் கட்டடத்துக் கூரையைப் பற்றி யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். அதைச் சொன்னால் நான் எதற்காகப் போகிறேன் என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

என் பெயர் சௌந்தரவல்லி. ஊரில் டீச்சர் என்பார்கள். ஒரு காலத்தில் டுடோரியல் காலேஜில் பாடம் எடுத்தேன், அது ஒட்டிக்கொண்டது. பிறகு பெண்கள் சங்கம், சங்கம், சங்கம் என்றே காலம் போய்விட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நேரமில்லை என்று சொல்வேன், எல்லாரும் நம்புவார்கள்.

நெடுங்கரட்டுக்கு மேற்கே ஒரு கரடு, மொட்டைப் பாறைக் குன்று, இருக்கிறது. சாயங்காலமானால் அதன் நிழல் ஊர் முழுக்க விழுமாம். இப்போது பாதிக் கரடுதான் இருக்கிறது, நிழலும் பாதிதான். மீதியைக் குவாரிக்காரர்கள் வெடி வைத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் வீட்டுச் சுவர்களில் ஒரு கோடு விழும். தூசி சோற்றில் விழும். குழந்தைகள் இருமும். வீடுகளுக்கு இத்தனை பக்கத்தில் வெடி வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

குவாரி லாரி வெளியே வர ஒரே பாதை. அந்தப் பாதை தார்ச்சாலையில் வந்து சேருகிற இடத்தில் நாங்கள் பந்தல் போட்டோம். பெண்கள் உட்கார்ந்திருந்தால் லாரி போகாது. எழுந்துவிட்டால் போகும். எங்கள் போராட்டத்தின் மொத்தத் தத்துவமும் அவ்வளவுதான். ஆண்கள் வரவில்லை. பாதிப் பேருக்குக் குவாரியில்தான் வேலை. மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேரிடம் பயம்.

நாங்கள் என்றால் நானும் ஜெபமாலையும். அவளைப் பற்றித்தான் பேச வேண்டும். பேசினால் எனக்குக் கோபம் வரும். குரல் உயர்ந்தால் சொல்லுங்கள், குறைத்துக்கொள்கிறேன்.

காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். சங்கத்திலும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஒரே புடவையை மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறோம். ஒரே லாக்கப்பில் இருந்திருக்கிறோம். அவள் என்னை வல்லி என்பாள். அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லை இப்போது.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்த பெண்களுக்காக ஒரு வழக்கு நடத்தினோம். நடத்தியது ஜெபமாலை. அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் போய், ஒவ்வொருத்தியையும் தேற்றி, கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் தோற்றுப்போனோம். தோல்வி எங்களுக்குப் புதிதா என்ன? நான் மறுநாளே வேறொரு கூட்டத்துக்குப் போய்விட்டேன். அவள் படுத்துவிட்டாள். ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தலை வாரவில்லை. நான் போவேன், புதிதாக வந்த துண்டறிக்கைகளைப் படித்துக் காட்டுவேன். அவளுடைய தங்கை வந்து, "அக்கா, நீங்க கொஞ்ச நாளைக்கு இதெல்லாம் படிக்காதீங்க, அவளை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது கணுக்காலில் கட்டு. நான் பதறிப்போய், "எங்கே? எந்த ஆர்ப்பாட்டத்தில்?" என்று கேட்டேன்.

"நொண்டி ஆடினேன் வல்லி" என்றாள்.

"என்னது?"

"நொண்டி. கட்டம் போட்டு, சில்லு வீசி. தங்கச்சி பேரப்பிள்ளைங்களோட. கடைசிக் கட்டத்துல விழுந்துட்டேன். ஆனா பழம், ஜெயிச்சுட்டேன்."

சிரிக்கிறாள். அந்த வயசில். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. எழுந்துவிட்டாளே. ஆனால் அந்த வியாதியைப் பந்தலுக்குக் கொண்டுவருவாள் என்று நான் நினைக்கவில்லை.

கேளுங்கள். பந்தல் போட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பெண்கள் காலையில் வருவார்கள், உட்காருவார்கள், நான் பேசுவேன். மத்தியானமானால் தலை தொங்கும். சண்டை வேறு. உன் புருஷன் குவாரியில் காசு வாங்கினான், உன் மாமியார் லாரிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், இப்படி. ஒருத்தி அழுவாள், அதைப் பார்த்து நாலு பேர் அழுவார்கள். போராட்டம் என்றால் அதெல்லாம் இருக்கும். நான் நகரத்தில் ஒரு வேலையாகப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வருகிறேன். தூரத்திலேயே பாட்டுச் சத்தம். பக்கத்தில் வந்து பார்த்தால் பந்தலுக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பெண்கள் அதைச் சுற்றி ஓடுகிறார்கள். மியூசிகல் சேர்!

பாட்டு எங்கிருந்து தெரியுமா? மறித்து நிறுத்தியிருந்த லாரியிலிருந்து. குவாரி லாரியிலிருந்து! செல்வராசு என்று ஒரு டிரைவர் பையன். அவன் லாரியின் மூக்கு எங்கள் பந்தலைத் தொட்டுக்கொண்டு நிற்கும், எடுக்கவும் முடியாது, போகவும் முடியாது. அவன் கேபினில் உட்கார்ந்து, பெண்களைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டைப் போடுகிறான், நிறுத்துகிறான். ஜெபமாலை நடுவில் நின்று கத்துகிறாள்: "ஏய் செல்வராசு, திரும்பிப் பார்த்தே, கள்ளாட்டம்! உங்க ஓனரு மாதிரியே இருக்கியே!" அவன் உள்ளேயிருந்து, "நான் பாக்கலை அத்தை, கண்ணாடியில தெரியுது!" என்கிறான்.

எதிரியின் லாரி. எதிரியின் டிரைவர். அத்தை.

மூக்காயி என்று ஒரு அம்மாள். புருஷன் குவாரியில் கல் உருண்டு செத்துப்போனவன். அவள் ஒரு நாற்காலியில் பாதியும் வேறொருத்தியின் மடியில் பாதியுமாக உட்கார்ந்து, "ஏ ஆத்தாடி, நான்தேன் மொதல்ல உக்காந்தேன், ஒத்துக்கடி" என்று சண்டை போடுகிறாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். செல்வராசு மட்டும் என்னைப் பார்க்கவில்லை, பாட்டைத் திரும்பப் போட்டுவிட்டான். அந்தப் பாட்டில் நான் நடந்து பந்தலுக்குள் வந்தேன். அந்த அவமானத்தை நான் மறக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரியே ஜெபமாலையிடம் சொன்னேன். "இது போராட்டம். ஒருத்தன் செத்திருக்கிறான்."

"அவன் பொண்டாட்டிதானே விளையாடுறா" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள், இது ஒரு பதிலா?

எத்தனை பேர் வந்தார்களா? விளையாடினபோதா? நிறையப் பேர் வந்தார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். பக்கத்து ஊரிலிருந்துகூட வந்தார்கள். பிள்ளை பெற்றவள் கைக்குழந்தையோடு வந்தாள். சண்டையெல்லாம் நின்றுவிட்டது, அதுவும் உண்மைதான். ஆனால் அது அல்ல விஷயம். கூட்டம் சேர்ப்பது சுலபம். எதற்காகச் சேருகிறோம் என்பது ஒன்று இருக்கிறதில்லையா?

பிறகு நான் பயந்தது நடந்தது. யாரோ செல்போனில் படம் பிடித்து ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். பெண்கள் நாற்காலியைச் சுற்றி ஓடுகிறார்கள், மூக்காயி விழுகிறாள், கீழே 'போராட்டமா, பிக்னிக்கா?' என்று எழுதியிருக்கிறது. மறுவாரம் பேச்சுவார்த்தைக்குப் போனோம். நான் மனுவை எடுத்து மேசையில் வைக்கிறேன், அந்த அதிகாரி தன் போனை எடுத்து என் பக்கம் திருப்புகிறார். "நல்லா ஜாலியா இருக்கீங்க போலிருக்கே மேடம். அப்ப பிரச்சினை ஒண்ணும் பெருசா இல்லையே?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் வாழ்நாளில் நான் அதிகாரிகள் முன்னால் அழுததில்லை. அன்றைக்கும் அழவில்லை. மாடிப்படியில்தான்.

ஜெபமாலை அந்த அதிகாரியிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "சார், நாங்க அழுத வீடியோவும் நிறைய இருக்கு. அதைப் பார்த்து எத்தனை குவாரியை மூடினீங்க?"

அவர் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. தவறு நடந்தால் சுயவிமர்சனக் கூட்டம் போடுவோம். ஒவ்வொருத்தரும் எழுந்து தன் தவறைத் தானே சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். யாரும் யாரையும் திட்டக் கூடாது. மிக நாகரிகமான முறை. அதை நெடுங்கரட்டுப் பந்தலிலேயே போட்டேன். தலைப்பு, 'போராட்டக் களத்தில் சிரிப்பு.'

அந்தப் பெண்களுக்குப் பழக்கமில்லையா, முதலில் யாரும் எழவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். பிறகு ஒரு சின்னப் பெண் எழுந்தாள். "நான் செவ்வாக்கிழமை சிரிச்சேன் டீச்சர்" என்றாள். "ஏன் சிரித்தாய், அதையும் சொல்ல வேண்டும்" என்றேன். "சிரிப்பு வந்துச்சு டீச்சர்." இன்னொருத்தி, "நான் சிரிக்கலை டீச்சர், வாயை மூடிக்கிட்டேன், ஆனா உள்ளாற சிரிச்சேன்" என்றாள். அதற்கு நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சுயவிமர்சனக் கூட்டத்திலேயே! பிறகு மூக்காயி எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் சிரிச்சது நெசந்தேன் டீச்சர். அந்த மனுசன் போனதுக்குப் பொறவு சிரிச்சது அன்னைக்குத்தேன். எனக்கு சிரிக்கத் தெரியுமான்னே மறந்துபோச்சு. அதுக்கு என்ன தண்டம் போடணுமோ போடுங்க, கட்டிப்புடுறேன்."

இது ஊர்ப் பஞ்சாயத்து இல்லை அம்மா, தண்டம் எல்லாம் கிடையாது, உணர்ந்தால் போதும் என்று விளக்கினேன். "உணர்ந்துட்டேன் டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டாள். பாருங்கள், எவ்வளவு எளிமையான மனுஷி.

கடைசியில் ஜெபமாலை. எழுந்து நின்று என்னையே பார்த்தாள். கூட்டத்தில் என்னைத் தோழர் என்றுதான் சொல்வாள். "தோழர், என் சுயவிமர்சனம் ஒண்ணே ஒண்ணுதான். இதை நான் இருபது வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். உங்களை வெச்சு ஆரம்பிச்சிருக்கணும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! அத்தனை பேர் முன்னால். தீர்மானத்தைப் படித்தேன். பந்தலில் ஆடல், பாடல், விளையாட்டு கூடாது, களத்தின் கண்ணியம் காக்கப்பட வேண்டும். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். எல்லாரும் தூக்கினார்கள். மூக்காயி இரண்டு கையையும் தூக்கினாள். ஒருமனதாக நிறைவேறியது. யாராவது ஒருத்தர் எதிர்த்திருந்தால் நான் யோசித்திருப்பேன். யாருமே எதிர்க்கவில்லையே. ஜெபமாலைகூட எதிர்க்கவில்லை. எழுந்து, கொடியில் காய்ந்த தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வல்லி, நீ கொஞ்சம் தூங்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள். தோழர் இல்லை, வல்லி. கூட்டத்துக்கு நடுவில்.

தூக்கமா? எனக்குத் தூக்கம் முன்பே கிடையாது. அது ஒரு குறையா? அந்த நேரத்தில் படிக்கலாமே. களைப்பு என்று ஒன்று எனக்கு வந்ததே இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது மட்டும் கண்ணிலிருந்து தண்ணீர் வரும். பற்பசையின் காரம். மாற்றிப் பார்த்தேன், எல்லாப் பற்பசையும் இப்போது காரமாகத்தான் செய்கிறார்கள்.

அதன் பிறகு பந்தல் எவ்வளவு அழகாக நடந்தது தெரியுமா? ஒரு சத்தம் இல்லை. வரிசையாக உட்காருவார்கள். நான் கனிமச் சட்டத்தை ஒவ்வொரு விதியாக எடுத்து விளக்குவேன். ஊசி விழுந்தால் கேட்கும். முதல் நாள் எல்லாரும் வந்தார்கள். அப்புறம் ஒருத்திக்குக் களையெடுப்பு, ஒருத்திக்கு நூறு நாள் வேலை, ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். கூப்பிட்டு அனுப்பினால், "இந்தா வாரேன்னு சொல்லு" என்பார்கள், வரமாட்டார்கள். ஜெபமாலை அவர்களை விளையாட்டுக்குப் பழக்கிவிட்டாள், அதுதான் காரணம். கட்டுப்பாடு ஒருமுறை குலைந்தால் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

ஒரு மத்தியானம், பந்தலில் நான், மூக்காயி, இன்னும் இரண்டு பேர். அவ்வளவுதான். மூக்காயி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். போலீஸ் வந்தது. பெண் போலீஸ் என்னை அக்குளில் கை கொடுத்து, மூட்டையைத் தூக்குவது மாதிரித் தூக்கி ஓரமாக வைத்தார்கள். மரியாதையாகத்தான் வைத்தார்கள். லாரிகள் போயின. ஒவ்வொரு லாரியும் போகிறபோது பந்தல் துணி மேலே எழும்பி எழும்பி அடங்கியது. செல்வராசு மட்டும் வண்டியை எடுக்கமாட்டேன் என்று சாவியைக் கொடுத்துவிட்டானாம், அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். அது ஏதோ அவனுக்கும் முதலாளிக்கும் உள்ள தகராறு.

அந்த வாரமே மறுபடி வெடி ஆரம்பித்தது. ஒரு கல் பறந்து வந்து அங்கன்வாடி ஓட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. குழந்தைகள் படுக்கிற பாய்மேல். ஞாயிற்றுக்கிழமை, அதனால் யாரும் இல்லை. நீங்கள் உட்காரப்போகிற இடம் அதுதான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்தது. அண்ணன் மகள் வந்து நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் ஏதோ மாத்திரை கொடுத்தார், ஆறு மாதம் ஒன்றும் செய்யாதீர்கள் என்றார். ஒன்றும் செய்யாமல் எப்படி இருப்பது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

இப்போது பேப்பரில் பார்க்கிறேன், நெடுங்கரட்டில் மறுபடி பந்தல். பெண்கள் லாரிகளை மறித்துவிட்டார்கள். ஜெபமாலை நடத்துகிறாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. அவள் ஒரு போன் செய்யவில்லை. நான் கோபித்துக்கொள்ளவில்லை, எனக்குக் கோபிக்க நேரம் ஏது? ஆனால் பழைய தவறு திரும்ப நடந்தால் மறுபடி லாரி போகும், மறுபடி கல் விழும். இந்த முறை ஞாயிற்றுக்கிழமையாக இருக்காது. அதனால்தான் போகிறேன். போய் அந்தப் பந்தலை என் கையில் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அவள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒப்புக்கொள்வாள் என்றுதான் நினைக்கிறேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் இறங்குவதைப் பார்த்ததும் என்ன சொல்வாள் என்றுதான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வல்லி என்பாளா, தோழர் என்பாளா.

வந்துவிட்டதா? அதற்குள்ளேயா? நீங்கள் முன்னால் இறங்குங்கள், நான் வருகிறேன். மெதுவாக, கூட்டமாக இருக்கிறது.

லாரிகள் நிற்கின்றன பாருங்கள். அந்த வளைவு வரைக்கும் நிற்கின்றன. எவ்வளவு பெரிய பந்தல்! இத்தனை பெண்களா? இவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியவே தெரியாதே. கிழவிகள் எல்லாம் ஓடுகிறார்கள். அங்கே பாருங்கள், துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு கையை நீட்டிக்கொண்டு வருகிறாளே, அவள்தான் ஜெபமாலை. கண்ணாமூச்சி. மெலிந்துவிட்டாள். இல்லை, மெலியவில்லை. நிமிர்ந்திருக்கிறாள், அதனால் அப்படித் தெரிகிறது.

பஸ் பக்கம் வருகிறாள். யாராவது பிடியுங்களேன் அவளை. அதோ மூக்காயி, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், சொல்லமாட்டேன் என்கிறாள். நம் பஸ் டிரைவருக்கும் சிரிப்பு, வண்டியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பஸ்ஸைத் தட்டுகிறாள். கேட்கிறதா?

"யாருடி இது? இம்புட்டு அகலமா இருக்கா? மூக்காயி, நீயா?"

எப்படிச் சிரிக்கிறார்கள் பாருங்கள். சரியாக என் சன்னலுக்குக் கீழேதான் தட்டுகிறாள். தகரத்தில் அவள் தட்டுவது எனக்கு முழங்காலில் தெரிகிறது. கையை வெளியே நீட்டினால் அவள் தலை. நரைத்துவிட்டது, முழுக்க.

இல்லை அம்மா. நீங்கள் போங்கள். என் பையை எடுக்க வேண்டாம், அங்கேயே வையுங்கள். கண்டக்டர் தம்பி, அடுத்த ஊருக்கு ஒரு டிக்கெட் கொடுப்பா. ஆமாம், இங்கே இறங்கத்தான் எடுத்தேன். இப்போது அடுத்த ஊருக்குக் கொடு.

என்னைப் பார்த்தால் எழுந்து நின்றுவிடுவார்கள் அம்மா. அவள் துண்டை அவிழ்த்துவிடுவாள். எல்லாரும் போய் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள், ஒரு சத்தம் இருக்காது. மரியாதை தெரிந்தவர்கள். நான் அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். நாளைக்குப் பாதிப் பேர் வருவார்கள். மறுநாள் அதிலும் பாதி. இந்த லாரி எல்லாம் இஞ்சினை அணைக்காமல்தான் நிற்கின்றன, பார்த்தீர்களா?

யாரோடு பேசிக்கொண்டு வந்தாய் என்று கேட்டால், யாரோ ஒரு அம்மா என்று சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். இறங்கினதும், அவள் காதுக்குப் பக்கத்தில் போய், "அக்கா, நான் இங்கே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். உங்கள் குரல் அவளுக்குத் தெரியாது. யார், யார் என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்பாள், பெயர் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் நன்றாகத் திண்டாடட்டும். ஓடுங்கள், வண்டியை எடுக்கப்போகிறார்.